நலங்கைப் படம் பிடிப்பது எப்படி?



நம் கையில் ஒரு கேமரா இருப்பது உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால் போதும். "கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் வந்துடுவார்ப்பா. முந்தின நாள் நலங்குக்கு மட்டும் நீ எடுத்துடு" என்று சொல்லிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, கேசரியும் காப்பியும் உண்டு. நாமும் 'இதென்ன பெரிய விஷயம்' என்று தலையை ஆட்டிவிடுவோம்.

நானும் அப்படித்தான் ஆட்டினேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் அக்காவின் நலங்குக்கு. நண்பனின் அண்ணனிடம் கேமராவும் ஃபிளாஷும் கடன் வாங்கி 412 படம் எடுத்தேன். ஒரு வாரம் கழித்து அத்தனையையும் பார்த்துவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அப்படி முழித்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். அன்றைக்கு நான் செய்த தப்புகளையும், பிறகு கற்றுக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். அடுத்த முகூர்த்த மாசத்தில் உங்களில் நாலு பேருக்காவது உதவும்.

நலங்கு என்றால்...

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு முறை மாறும். சில வீடுகளில் தாலி கட்டிய பிறகு, மாலையில் தேங்காய் உருட்டி அப்பளம் உடைத்து விளையாடுவதுதான் நலங்கு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் நடக்கும். பெண்ணை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து காலிலும் கையிலும் கன்னத்திலும் மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். பாட்டு, கேலி, சிரிப்பு. கடைசியில் ஆரத்தி. பிறகு மங்கள ஸ்நானம்.

ஆகவே முதல் வேலை: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முறையைக் கேட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எது எதற்குப் பிறகு வரும் என்று தெரியாதவன் எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் பட்டனை அமுக்குவான்.

வெளிச்சம் எங்கே இருக்கிறது?

முந்தின நாளே அந்த அறையில் போய் நில்லுங்கள். எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் ஜன்னல்? மணையைக் கிழக்கு பார்த்துத்தான் போடுவார்கள். அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் 'ஒரு அடி முன்னால் நகர்த்திப் போடலாமா' என்று கேட்கலாம். அந்த ஒரு அடியில் பெண்ணின் முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்துவிடும். ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் முகம் கருத்து, ஜன்னல் மட்டும் பளிச்சென்று விழும்.

ஒரு பக்கத்து வெளிச்சம், ஒரு பக்கத்து நிழல் என்றால் பயப்படாதீர்கள். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தைத் திரும்பப் பாருங்கள். பாதி முகம் இருட்டில் இருக்கும் காட்சிகள் எத்தனை! ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது.

காலை நேரம், ஜன்னலோரம் என்றால் ஷட்டர் 1/125 வினாடி, அப்பர்ச்சர் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800 என்று ஆரம்பியுங்கள். இரண்டு படம் எடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் செய்யும் குழப்பம்

பெண் கட்டியிருப்பது மஞ்சள் புடவை, பூசியிருப்பது மஞ்சள், வாசலில் தொங்குவது சாமந்தி. கேமராவின் 'ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்' இதைப் பார்த்து ஏமாந்துபோகும். 'வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது போல' என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். மஞ்சள் வெளுத்து, முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். என் 412-இல் பாதிப் படங்கள் இப்படித்தான்.

மருந்து சுலபம். ஆரம்பிக்கும் முன், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். 'ரா' முறையில் எடுத்தால் பிற்பாடு கம்ப்யூட்டரிலும் சரிசெய்யலாம்.

நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700 பக்கம். அகல் விளக்கின் சுடர் 2000-க்கும் கீழே. மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. வாசல் வெளிச்சம் போதுமானால் லைட்டை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

டியூப் லைட்டும் 50 ஹெர்ட்ஸும்

மின்சாரப் பாடம் இங்கே கைகொடுக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு இரண்டு உச்சம் என்பதால், சோக் போட்ட பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மலிவான சில எல்.இ.டி. பல்புகளும் அப்படித்தான். 1/500 வினாடியில் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும், அடுத்தது மங்கலாகவும், சிலவற்றில் குறுக்கே பட்டையாகவும் வரும். கேமரா ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள்! ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் அடங்கிவிடும்.

ஃபிளாஷ்: நண்பனா, எதிரியா?

மஞ்சளோடு எண்ணெய் கலந்திருக்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுகள் விழும். ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் அடித்துத் திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுங்கள். பச்சை பெயிண்ட் அடித்த சுவரில் மட்டும் திருப்பிவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்து 'பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்பார்கள். ஓட்டு வீடு, கீற்றுக் கொட்டகை என்றால் கூரை உதவாது. ஸ்டேஷனரிக் கடையில் ஒரு தெர்மோகோல் ஷீட் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பையனைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் பக்கம் இதமாக வெளுக்கும்.

அடுத்தது, நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன விதி. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். நேராக அடிக்கும் ஃபிளாஷிலிருந்து 1 மீட்டரில் இருப்பவர் மேல் விழும் வெளிச்சம் 1 என்றால், 2 மீட்டரில் இருப்பவர் மேல் 1/4. 4 மீட்டரில் இருப்பவர் மேல் 1/16. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சரியாக வைத்தால், பின்னால் கதவோரம் நிற்பவர் இருட்டில் போய்விடுவார். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். திரும்பவும் வரும்.

ஆரத்தி

ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகிறதே, ஏன்? மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரத்தில் செம்பழுப்பாக மாறும். முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் பினாப்தலீன் விட்டோமே, அதே சங்கதிதான்! அந்தச் சிவப்பும், தட்டில் எரியும் சுடரும் படத்தில் தெரிய வேண்டுமானால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. சுடரின் வெளிச்சம் முகத்தில் இருக்கும்.

தவறவிடக் கூடாதவை

1. மஞ்சள் அரைப்பது, தட்டு அடுக்குவது, கோலம் போடுவது.
2. மணையில் உட்காரும் முன் பெண்ணின் முகம்.
3. முதல் மஞ்சள் வைக்கும் கை. முகம் வேண்டாம், கை மட்டும்.
4. அம்மா பூசும்போது அம்மாவின் முகம். அப்பா எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் தூணோரம் நிற்பார்.
5. தோழிகள் கேலி செய்யும்போது பெண் சிரிப்பது. உட்கார்ந்து, அவள் கண் மட்டத்தில் எடுங்கள்.
6. ஆரத்தி.
7. எல்லாம் முடிந்த பிறகு மஞ்சள் சிந்திய காலி மணை.

தலையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் கேமராவை மூடிவிடுங்கள். ஈரத் துணியோடு ஒரு பெண்ணைப் படம் எடுப்பது கலை அல்ல. பெண்ணின் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் குரூப்பில் அனுப்பாதீர்கள். அன்று இரவே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? போதும். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எல்லார் விரலிலும் மஞ்சள்தான். 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூசிய மஞ்சளையே அது அழுக்கு என்று அழித்துவிடும். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், நாலு அடி முன்னால் போய் எடுங்கள்.

அக்கா கேட்ட கேள்வி

இப்போது அந்தக் கேள்வி. 412 படமும் பார்த்து முடித்த அக்கா கேட்டாள்: "அத்தை எங்கடா?"

எங்கள் அத்தை நாலு நாள் முன்னாடியே வந்துவிட்டார். மஞ்சள் அரைத்தது அவர். கேசரி கிண்டியது அவர். சின்ன வயசில் அக்காவுக்குத் தலைவாரிப் பூ வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான். மாமா தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. அதனால் நலங்கு நடந்த கூடத்துக்குள் அவர் வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேடினேன். ஒரு படத்தில் மஞ்சள் கிண்ணத்தை நீட்டும் கை இருக்கிறது, முழங்கையோடு வெட்டுப்பட்டு. இன்னொன்றில் பின்னால் கதவருகே ஒரு நிழல். கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளுப்பாக்கியும் வெறும் புள்ளிகள்தான் வந்தன. 4 மீட்டர், 1/16. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஃபிளாஷ் மேல் மட்டும் பழி போட முடியுமா? எல்லாரும் பார்த்த பக்கமே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

போன தை மாசம் சித்தப்பா பெண்ணுக்கு நலங்கு. இந்தத் தடவை நான் முதலில் போனது சமையலறைக்கு. அங்கே ஒரே ஒரு டியூப் லைட். 1/100, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 1600 என்று பார்த்துவைத்துக்கொண்டேன். "அத்தே, உங்களை எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "என்னை எதுக்குப்பா எடுக்கிறே, போய்ப் பொண்ணை எடு" என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நலங்கு முடிந்ததும் தங்கச்சி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். முகமெல்லாம் மஞ்சள். காதுக்குள் கொஞ்சம் போயிருந்தது. அத்தை முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. நான் ஒரே படம்தான் எடுத்தேன். கொஞ்சம் ஆடியிருக்கிறது. தங்கச்சியின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் அதைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். அக்காவின் ஆல்பத்தில் ஒட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

36 படம் கொண்ட ஃபிலிம் ரோல் காலத்தில் ஸ்டூடியோக்காரர் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். அவர் ஒருவரை விட்டுவிட்டால் ரோல் தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம். 412 எடுத்த எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆகவே நண்பர்களே, பட்டியலில் எட்டாவதாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்: நலங்கு நடக்கும்போது ஒரு தடவை பெண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே போய், அவரிடம் கேட்டு, அந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏற்ற அளவு வைத்து ஒரு படம் எடுங்கள்.

— இறுதியாண்டு, மின்னணுவியல் பிரிவு