நோய் தீர்ந்த பின் உடற்பயிற்சி

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்னும் பழமொழியைப் பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால், வந்த நோய் தீர்ந்த பின் உடலை மீண்டும் உழைப்புக்கு எப்படிப் பழக்குவது என்பதை எந்தச் சுவரும் நமக்குச் சொல்லவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளே மைதானத்தில் ஓடுவோர் உண்டு. மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழாதோரும் உண்டு. இரண்டுமே உடலுக்கு ஏன் கேடு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

படுக்கை செய்யும் கேடு

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. நம்மையொத்த இருபது வயதினர் ஐவரை, நோய் ஏதுமின்றியே, மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் செய்தனர். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. பின்னர் ஏறத்தாழ எட்டு வாரப் பயிற்சியால் அது மீண்டது. அதே ஐவரை 1996-இல், ஐம்பது வயதில் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு மூப்புகூட, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு அவர்களுள் ஒருவரையும் தாழ்த்தியிருக்கவில்லை!

இதன் காரணம் யாது? படுத்தே இருந்தால் சில நாட்களிலேயே இரத்தத்தின் பிளாஸ்மா அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தமும் குறைவதால், சிறு வேலைக்கும் அது விரைந்து துடிக்க வேண்டியதாகிறது. காய்ச்சலோ தசைப் புரதத்தையும் கரைக்கிறது. டைபாய்டில் மூன்று வாரம் படுத்து எழுந்த நான், வகுப்புக்குச் செல்லும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியதன் பொருள் இதுவே. அது சோம்பலன்று, உடலியல்.

அளவறிந்து தொடங்குதல்

காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடாது. சில வைரசுக் காய்ச்சல்களில் இதயத்தசையும் அழற்சி அடையலாம். அப்போது கடும் உழைப்பு ஆபத்தானது. டைபாய்டு, மலேரியா போன்றவற்றில் மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் இசைவு தரும்வரை கபடி போன்ற ஆட்டங்கள் வேண்டா.

தொடக்கத்திற்கு நடையே சிறந்தது. முதலில் பத்து நிமிடம். பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது உடன் வருபவரிடம் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வருக. வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்று ஓய்வு கொள்க. மார்பு வலி, படபடப்பு, மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க. வேலூர் வெயிலில் விடியற்காலையே ஏற்ற நேரம்.

பாகாயம் தரும் பாடம்

மருத்துவமனையை விட்டு வெளியேறுவதோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை நாட்டுக்கே உணர்த்தியது நம் வேலூர். சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே பயிற்சி என்பது பொழுதுபோக்கன்று. அளவோடு தரப்படும் மருந்து.

உழைப்போர் வீட்டில்

இம்மருந்து மிகவும் தேவைப்படுவது யாருக்கு? ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் தொழிலில் உடலை மூலதனமாகக் கொண்டவர்களுக்கே. என் தந்தையார் டேனரியில் தினக்கூலி. டெங்கு தீர்ந்து எழுந்தவர், ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடும் வேலைக்கு உடனே திரும்ப வேண்டிய நிலை; போகாவிட்டால் கூலி இல்லை. என் அம்மா மேஸ்திரியிடம் பேசி, இரண்டு வாரம் தோலின் ஓரம் நறுக்கும் இலகுவான வேலையைக் கேட்டுப் பெற்றார். டல்லாஸ் ஆய்வை அறியாமலே அம்மா கண்ட வழி, அறிவியல் கூறும் வழியாகவே இருந்தது!

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி, சந்தா விதிகளை நிறைவு செய்திருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கை நோய்க்கால உதவியாகப் பெறலாம். இதை அறியாமல் அரைகுறை உடம்போடு வேலைக்குப் போவோர் எங்கள் தெருவிலேயே பலர்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாடி பார்க்கவும், படிவம் நிரப்பவும் கற்ற நாம், அக்கல்வியை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுசெல்வோம். காய்ச்சலில் இருந்து எழுந்தவரை ‘இன்றே வேலைக்குப் போ’ என்றோ, ‘இனிப் படுத்தே இரு’ என்றோ சொல்லாமல், ‘இன்று பத்து நிமிடம் நட’ என்று சொல்வோம்.