பின்னம் என்பது வெட்டிய துண்டு மட்டுமா?

நம்பிக்கை: ஒரு முழுப்பொருளைச் சமமாக வெட்டி, அதில் சில துண்டுகளை எடுப்பதுதான் பின்னம்.

உண்மை: அது பின்னத்தின் பொருள்களில் ஒன்று. கனடாவின் கணிதக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கீரன் 1976-ல் தொடங்கிவைத்த சிந்தனையின் வழியே முழுமையின் பகுதி, வகுத்தலின் விடை, அளவு, விகிதம், ஓர் எண்ணை மாற்றும் செயலி என ஐந்து பொருள்கள் இன்று பேசப்படுகின்றன. மூன்று தோசையை நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிடுங்கள். இரண்டைப் பாதியாகவும் ஒன்றைக் கால்களாகவும் பிய்த்தால், ஆளுக்கு ஓர் அரையும் ஒரு காலும் கிடைக்கும். 3 ÷ 4 என்பதன் விடையே 3/4. துண்டு எண்ணி மட்டுமே பழகிய பிள்ளைக்கு இது புலப்படாது. 5/4 வந்தாலோ, "நாலு துண்டுல அஞ்சை எப்படி எடுக்கிறது?" என்று திகைத்து நிற்கும். அந்தக் கேள்வி நியாயமானது. நாம் காட்டிய படம்தான் போதவில்லை. எண்கோட்டில் 5/4 என்பது ஒன்றைத் தாண்டிக் கால் தொலைவில் இருக்கும் ஒரு புள்ளி.

நம்பிக்கை: பின்னங்களின் மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியாகக் கூட்டும் பிள்ளை கவனக்குறைவாகச் செய்கிறது.

உண்மை: பெரும்பாலும் இல்லை. 1978-ல் அமெரிக்க தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டார்கள். 1, 2, 19, 21 ஆகிய நான்கு விடைகளும் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டு பின்னங்களும் ஒன்றை ஒட்டியவை. ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 (12 + 7) அல்லது 21 (13 + 8) என்றார்கள். மேலே உள்ள தொகுதியும் கீழே உள்ள பகுதியும் அவர்கள் கண்ணில் இரண்டு தனி எண்கள்.

அந்தப் பழக்கத்துக்கு ஊக்கம் தருவது நம் மதிப்பெண் பட்டியலேதான். ஒரு தேர்வில் 5-க்கு 3, அடுத்ததில் 10-க்கு 4 வாங்கினால், மொத்தம் 15-க்கு 7 என்கிறோம். அங்கே அது சரி, ஏனென்றால் இரண்டு தேர்வுகளைச் சேர்த்துப் புதிய மொத்தம் ஒன்றை உருவாக்குகிறோம். அதே எண்களை அளவாகக் கொண்டால், 3/5 மீட்டர் துணியும் 4/10 மீட்டர் துணியும் சரியாக ஒரு மீட்டர். எழுத்து வடிவம் ஒன்று, பொருள் வேறு. இந்த வேறுபாட்டை வகுப்பில் வெளிப்படையாகப் பேசாமல் பிள்ளையைக் கடிந்துகொள்வது அநியாயம்.

நம்பிக்கை: 1:4 என்றால் நான்கில் ஒரு பங்கு.

உண்மை: ஒரு பங்கு உளுந்துக்கு நான்கு பங்கு அரிசி போட்டால், உளுந்து அரிசியில் கால் பங்கு, மொத்தத்திலோ ஐந்தில் ஒரு பங்கு. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விகிதத்தைப் பின்னமாக்கக் கூடாது.

நம்பிக்கை: பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்.

உண்மை: 20-இன் 3/4 என்பது 15. ஆறு லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளாக்கினால் 12 பாக்கெட். முழு எண்களில் கண்ட வழக்கத்தை விதியாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்று செய்யலாம். பின்னங்களைக் கூட்டப் பிள்ளை மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) காணத் தொடங்கும் முன், "விடை சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அந்த விடையை எண்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.