மாவு விற்ற காசு எங்கே போனது?

பிம்ப்ரியில் எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவருடைய கணவருக்குத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. சில மாதம் வேலை இருக்கும். சில மாதம் இருக்காது. அதனால் அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார்.

ஒரு நாள் வகுப்பில் அவர் சொன்னார்:

"டீச்சர், நான் இந்த வியாபாரத்தை விடப் போறேன். தினமும் அரைக்கிறேன். மாவு தீர்ந்து போகுது. ஆனா கையில காசு நிக்கலை."

மாவு தீர்ந்தது. காசு நிற்கவில்லை. அப்படியானால் காசு எங்கே போனது?

அன்று புதுப் பாடம் நடத்தவில்லை. அக்கா சொல்லச் சொல்ல, கரும்பலகையில் கணக்கு எழுதினோம்.

ஒரு நாள் செலவு

அரிசி 4 கிலோ - 180 ரூபாய்
உளுந்து 1 கிலோ - 130 ரூபாய்
வெந்தயம், உப்பு - 10 ரூபாய்
மின்சாரம், பை - 30 ரூபாய்
மொத்தம் - 350 ரூபாய்

(விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

இதில் 12 கிலோ மாவு கிடைத்தது. ஒரு கிலோ 60 ரூபாய். எல்லாம் விற்றால் 720 ரூபாய் வர வேண்டும். செலவு போக 370 ரூபாய் மிஞ்ச வேண்டும்.

ஆனால் அன்று நடந்தது வேறு.

கடனாகக் கொடுத்தது 3 கிலோ - 180 ரூபாய்
புளித்து வீணானது 1 கிலோ - 60 ரூபாய்
வீட்டுக்கு எடுத்தது 1 கிலோ - 60 ரூபாய்

கையில் வந்தது 420 ரூபாய்தான். செலவு 350 போனால் மீதி 70 ரூபாய். ஐந்து மணி நேர உழைப்புக்கு 70 ரூபாய்!

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ராசி இல்லைன்னு நினைச்சேன். இது கடன்தான்" என்றார்.

ஏழு பெண்களின் கதை

வீட்டுத் தொழிலில் தடை வருவது புதிது அல்ல. இதே மகாராஷ்டிராவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

மும்பையில் கிர்காவ் என்ற பகுதி உள்ளது. 1959 மார்ச் 15 அன்று அங்கே ஏழு பெண்கள் மொட்டை மாடியில் கூடினார்கள். அப்பளம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். கடன் வாங்கிய 80 ரூபாய்தான் முதல். முதல் நாள் அவர்கள் செய்தது நான்கே பாக்கெட்.

பிறகு மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் தொழில் நின்றது.

அவர்கள் தொழிலை விட்டுவிட்டார்களா? இல்லை. ஏன் நின்றது என்று யோசித்தார்கள். மாவில் குறை இல்லை. கையில் குறை இல்லை. வெயில் இல்லாததுதான் குறை. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

தொடக்கத்தில் அவர்கள் நல்ல அப்பளம் ஒன்றும், மட்டமான அப்பளம் ஒன்றும் செய்தார்கள். மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்க நினைத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக் இரண்டு விஷயம் சொன்னார். தரத்தைக் குறைக்காதீர்கள். கணக்கை ஒழுங்காக எழுதுங்கள்.

அதுதான் இன்றைய லிஜ்ஜத் அப்பளம். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உறுப்பினர்கள். 2021-இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அக்கா என்ன செய்தார்?

மழைக்குக் கட்டிலும் அடுப்பும் வழி. கடனுக்கு என்ன வழி?

அக்கா ஒரு நோட்டு வாங்கினார். மாவு கொடுத்ததும் பெயர், தேதி, தொகை எழுதினார். பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் இல்லை என்று சொன்னார். முதல் நாள் சொல்லும்போது நாக்கு எழவில்லையாம். ஒரு வீட்டார் கோபித்துக்கொண்டு மாவு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அது வருத்தம்தான். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும். அதனால் முதல் நாளே யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு மட்டும் அரைத்தார். வீணாவது குறைந்தது.

வீட்டுக்கு எடுக்கும் மாவையும் நோட்டில் எழுதினார். வியாபாரக் காசுக்குத் தனி டப்பா வைத்தார். நாளைய அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள காசை அதிலிருந்து எடுப்பதில்லை.

அக்கா இப்போதும் மாவு விற்கிறார். பெரிய பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் தன் காசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நினைவில் வையுங்கள்

1. சிறிதாகத் தொடங்குங்கள். விற்கும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.
2. வரவு, செலவு, கடன் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள்.
3. உங்கள் உழைப்பு நேரத்தையும் எழுதுங்கள். அதுவும் முதல்தான்.
4. உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.
5. முதல் தேவை என்றால் மகளிர் குழுவிலும் வங்கியிலும் கேளுங்கள். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

செய்து பாருங்கள்

1. அக்காவுக்கு 370 ரூபாய் மிஞ்ச வேண்டும். 70 ரூபாய்தான் மிஞ்சியது. குறைந்தது எவ்வளவு? எதனால் குறைந்தது?
2. மழைக்காலத்தில் அப்பளம் காய அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்?
3. நீங்கள் செய்யும் தொழிலுக்கு, அல்லது செய்ய நினைக்கும் தொழிலுக்கு, ஒரு நாள் கணக்கு எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.