வேலையை ஒப்படைத்தல், பொறுப்பை வைத்துக்கொள்ளல்



பொதுச்சேவை ஒன்றின் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதற்கான வேலையை மட்டும் ஒப்பந்தத்தின் வழியே தனியார் நிறுவனத்திடம் அரசு ஒப்படைப்பது வெளிமுகமை எனப்படும். உடைமையையே விற்றுவிடும் தனியார்மயத்திலிருந்து இது வேறுபட்டது. எதை ஒப்படைக்கலாம் என்ற கேள்வி செலவுக் கணக்கோடு முடிந்துவிடுவதாகப் பலரும் கருதுகின்றனர்; ஒப்படைத்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சரிபார்க்கும் திறன் அரசிடம் எஞ்சியிருக்கிறதா என்பதே அதனினும் முதன்மையானது.

இந்தியாவின் பாஸ்போர்ட் சேவைத் திட்டத்துக்காக 2008 ஆம் ஆண்டு டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வெளியுறவு அமைச்சகம், வேலையைக் கவனமாகப் பிரித்தது. சேவை மையத்தின் ‘ஏ’ கவுன்ட்டரில் நிறுவன ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, ஒளிப்படமும் கைரேகையும் எடுக்கிறார். ‘பி’ கவுன்ட்டரில் ஆவணங்களைச் சரிபார்ப்பவரும், ‘சி’ கவுன்ட்டரில் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவெடுப்பவரும் அரசு அலுவலர்கள். நிறுவனத்தின் வேலையில் காத்திருப்பு நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து சரிபார்த்துவிடலாம். குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் மறுப்பதோ அதிகாரம் சார்ந்தது என்பதால், அதற்குச் சட்டத்தின் முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே அம்முடிவை எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்தது வேறு. நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவரின் கணுக்காலில் கருவி பூட்டி, குறித்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்கும் மின்னணுக் கண்காணிப்பு ஜி4எஸ், செர்கோ ஆகிய நிறுவனங்களிடம் இருந்தது. இறந்தவர்கள், மீண்டும் சிறைக்குச் சென்றவர்கள், நாட்டைவிட்டே போனவர்கள் ஆகியோருக்கும் சேர்த்துக் கட்டணம் வசூலிக்கப்பட்டது 2013 இல் தணிக்கையில் தெரியவந்ததால், செர்கோ 6.85 கோடி பவுண்டையும் ஜி4எஸ் ஏறத்தாழ 10.9 கோடி பவுண்டையும் அரசுக்குச் செலுத்த நேர்ந்தது. பில்லில் சிக்கல் இருப்பது நீதித்துறை அமைச்சகத்தின் ஒப்பந்த அலுவலர்களுக்கு 2008 ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று நீதித்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்பது இதில் இன்னும் கசப்பான செய்தி. ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் அலுவலர்களுக்கான செலவை ஒப்பந்த விலையோடு கூட்டாமல் மலிவு என்று கூறுவது அரைக்கணக்கே.

நடக்கக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிவிட முடியாத ஒப்பந்தத்தைப் பொருளியலார் முழுமையற்ற ஒப்பந்தம் என்பர். செலவைக் குறைக்கும்போது எழுத்தில் அடங்காத தரம் பெரிதும் கெடும் இடங்களில் அரசே நடத்துவது மேல் என்று பொருளியலாளர் ஆலிவர் ஹார்ட்டும் வேறிருவரும் 1997 ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாதிட்டனர். கைதியின்மீது காவலர் எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அப்படி எழுத்தில் அடங்காத ஒன்று.

ஒப்படைத்த வேலையைச் சரிபார்க்கப் பதிவுகள் கிடைக்க வேண்டும்; இந்தியாவிலோ 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகார அமைப்புகளையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்பவர். ஆகவே வருகைப் பதிவேடும் பில்லும் புகார்ப் பதிவும் கேட்டபோது துறைக்குத் தரப்பட வேண்டும் என்ற பிரிவு டெண்டர் ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும். கையெழுத்தான பின் அதைச் சேர்க்க எந்த ஒப்பந்ததாரரும் எளிதில் இசையமாட்டார்.