குறட்டை நல்ல தூக்கமா?

"பாவம், பகலெல்லாம் உழைத்த உடம்பு. எப்படி அசந்து தூங்குகிறார் பாருங்கள்!"

குறட்டை விடுகிறவரைப் பார்த்து இப்படிச் சொல்வது நம் வழக்கம். கும்பகர்ணன் என்று கேலியும் செய்கிறோம். சத்தம் பெரிதாக இருந்தால் தூக்கமும் ஆழமானது என்று நினைக்கிறோம். அது தவறு. சிலருக்கு அந்தச் சத்தம், மூச்சு போக வழியில்லாமல் உடம்பு படும் பாடு.

குறட்டை எப்படி வருகிறது?

நாக்கு, உள்நாக்கு எல்லாம் மென்மையான சதை. விழித்திருக்கும்போது அவை இறுக்கமாக இருக்கும். தூங்கும்போது தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். தொண்டையில் காற்று போகும் வழி குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று புகும்போது சுற்றியுள்ள சதை அதிரும். அந்த அதிர்வுதான் குறட்டை. சளி பிடித்த நாளிலும் களைத்துப் படுத்த நாளிலும் யாருக்கும் கொஞ்சம் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது, குறட்டை திடீரென்று நிற்கும் நேரத்தை.

சிலருக்கு வழி முழுவதும் அடைத்துக்கொள்கிறது. மார்பும் வயிறும் அசையும். காற்று மட்டும் உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேல். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை உடம்பை உலுக்கி எழுப்பும். 'கர்ர்' என்ற பெரிய சத்தத்துடன் மூச்சு திரும்பும். ஆள் புரண்டு படுப்பார். மறுபடி குறட்டை. இதுதான் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடை. மருத்துவர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள்.

மூச்சு நிற்பதையும் குறைவதையும் அவர்கள் சேர்த்து எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 5 தடவைக்குக் குறைவு என்றால் பெரியவர்களுக்குப் பரவாயில்லை. 30 தடவை என்றால் நோய் கடுமை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. எட்டு மணி நேரத்தில் 240 முறை! இவர் படுத்திருந்தார். தூங்கினாரா?

காலையில் இது எதுவும் அவருக்கு நினைவு இருக்காது. தலை வலிக்கும். வாய் உலர்ந்திருக்கும். இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். எரிச்சலும் மறதியும் வரும். மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்காது. வருடக்கணக்கில் விட்டுவிட்டால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது.

நம் வானவடியில் ஆட்டோ, டெம்போ ஓட்டுகிறவர்கள் உண்டு. சோலாப்பூர் சாலையில் இரவு லாரி ஓட்டுகிறவர்களும் உண்டு. சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்தில் கண் சொக்குகிறது என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். "டீ குடித்துச் சமாளிப்பேன்" என்பார்கள். டீ தொண்டையைத் திறக்காது.

இந்த நோய் பணக்காரர், ஏழை பார்ப்பதில்லை. 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரியை உங்களுக்குத் தெரியும். கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி போட்டிருப்பாரே, அவர்தான். 2022 பிப்ரவரி 15 அன்று இரவு மும்பையில் காலமானார். வயது 69. அவருக்குத் தூக்க மூச்சுத் தடையும் அடிக்கடி வந்த நெஞ்சுத் தொற்றும் இருந்தன என்று மருத்துவர் தெரிவித்தார். இப்படி ஒரு நோய் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

யாருக்கு வரும்? உடல் பருத்தவர்களுக்கு அதிகம். தையல்காரரின் டேப்பால் கழுத்தை அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் கவனம் தேவை. குடிப்பவர்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும். தாடை சிறிதாக இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். குழந்தை தினமும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு அக்கா சொன்னார்: "குறட்டைச் சத்தத்தில் நான் தூங்கிவிடுவேன், தம்பி. சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன்." வீட்டுக்காரரோ, "நான் எங்கே குறட்டை விட்டேன்?" என்று சண்டைக்கு வருகிறாராம்! அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. இந்த நோய்க்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். ஆகவே மருத்துவரிடம் அவரும் கூடப் போக வேண்டும். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எங்கே போவது? புனே ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள சசூன் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. இராணுவக் குடும்பத்தினருக்கு வானவடிப் பக்கத்திலேயே கமாண்ட் மருத்துவமனை உண்டு. குறட்டை விடுவதற்கு மராத்தியில் 'கோர்ணே' என்று பெயர். "ஜோபேத் ஸ்வாஸ் தாம்ப்தோ" என்று சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று பொருள். வெறும் "தூக்கம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரை கிடைக்கலாம். சில தூக்க மாத்திரைகள் இந்த நோயை இன்னும் மோசமாக்கும்.

ஓர் இரவு உடம்பில் சிறு கம்பிகளை ஒட்டித் தூங்க வைத்துச் சோதிப்பார்கள். வலி இருக்காது. நோய் கடுமை என்றால் ஒரு கருவி தருவார்கள். மூக்கில் மூடி மாட்டிக்கொண்டால் அது காற்றை மெல்ல உள்ளே ஊதும். தொண்டை மூடாமல் இருக்கும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார். விலை பல ஆயிரம் ரூபாய். வாடகைக்கும் கிடைக்கிறது. சோதனை செய்யாமல் வாங்க வேண்டாம். மூக்கில் மாட்டும் 'கிளிப்' விளம்பரங்களுக்கும் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

லேசான தொல்லை என்றால் ஒருக்களித்துப் படுத்தாலே குறையும். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தையுங்கள். மல்லாந்தால் உறுத்தும், தானாகவே திரும்பிவிடுவார். எடை குறைந்தால் தடையும் குறையும். "கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வரும்" என்பவருக்கு ஒரு வார்த்தை: சாராயம் தொண்டைச் சதையை மேலும் தளர்த்துகிறது.

பயிற்சி

உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவரை மூன்று இரவுகள் கவனியுங்கள். நோட்டில் இப்படி எழுதுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேதி:
படுத்த நேரம்:
அரை மணி நேரத்தில் மூச்சு நின்றது எத்தனை தடவை:
அதிகமாக நின்றது எத்தனை விநாடி:
மல்லாந்தா, ஒருக்களித்தா:
காலையில் தலைவலி உண்டா: