புதையல் பெட்டியும் குறுஞ்செய்தியும்
வாசகர் கேள்வி – பதில்

மதுரை வாசகர்: போர்ட்லாண்டில் உத்தியோகம் பார்க்கும் என் மகன், கைபேசியில் 'டிங்' என்று ஓர் ஒலி கேட்டால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் ஓடுகிறான் என்று மருமகள் எழுதுகிறாள். ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயராம். இது என்ன விளையாட்டு? நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டியதில்லை, சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகும்படி மட்டும் எழுதுங்கள். பூமியைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்களின் உதவியால் தாம் நிற்கும் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். சாதனத்தை, பகைவருக்குப் பயன்படக் கூடாது என்ற உத்தேசத்தோடு அமெரிக்க அரசாங்கம் நெடுநாள் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தபடியால், பொது ஜனங்கள் கையிலிருந்த கருவிகள் ஏறக்குறைய 100 மீட்டர் வரை இடத்தைத் தவறாகக் காட்டிவந்தன. ஜனாதிபதி பில் கிளிண்டனின் உத்தரவுப்படி 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்த மங்கல் நீங்கியது. நீங்கிய மறுநாளே, மே 3-ந் தேதியன்று, டேவ் உல்மர் என்பவர், தங்கள் மகன் வசிக்கும் போர்ட்லாண்டுக்குத் தெற்கேயுள்ள பீவர்கிரீக் என்ற ஊரின் அருகில், ஒரு கறுப்பு வாளியில் குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், கவண் முதலியவற்றோடு ஒரு டின் பீன்ஸையும் போட்டு மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கை இணையத்தில் ஒரு செய்திக் குழுவுக்கு எழுதினார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டில் நகரத்து ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். பெட்டிகள் உலகெங்கும் பெருகின. பெட்டியைக் கண்டவர் உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரை எழுதிவிட்டு, ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வரவேண்டும் என்பதே விதி. புதிய பெட்டியின் ஏட்டில் முதற் பெயராகத் தம் பெயர் இருக்கவேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. தங்கள் மகனை இலையிலிருந்து எழுப்புவது அந்த ஆசைதான்.

சாக்ரமெண்டோ வாசகர்: ஐயா, புதிய பெட்டி வெளியானதும் எனக்கு மின்னஞ்சல் வருகிறது. ஆனால் நான் அதைத் திறந்து பார்ப்பதற்குள் வேறு யாராவது போய்க் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அறிவிப்பு என் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவே வந்துசேர வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த வழியில் இரு வேறு வேலையாட்கள் இருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் முதலில் தெரிந்துகொள்வது நலம். தளத்தின் உடனடி அறிவிப்பு என்னும் வசதி, கட்டணம் செலுத்திய பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியது. அதற்கான பக்கத்திலே, எந்த இடத்தை மையமாகக் கொண்டு எவ்வளவு தூரத்துக்குள், எந்த வகைப் பெட்டிக்கு, எந்த நிகழ்ச்சி நேர்ந்தால், எந்த முகவரிக்குத் தகவல் வரவேண்டும் என்று தாங்கள் குறித்து வைத்துவிட்டால், தொண்டராகப் பணிபுரியும் பரிசீலகர் ஒருவர் புதிய பெட்டியின் விவரங்களைச் சரிபார்த்து வெளியிட்ட மாத்திரத்தில் தளம் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிடும். தளத்தின் வேலை அத்துடன் முடிந்தது. அந்த மின்னஞ்சலைக் குறுஞ்செய்தியாக மாற்றித் தங்கள் கையில் சேர்ப்பது தொலைபேசிக் கம்பெனியின் வேலை. அமெரிக்கக் கம்பெனிகள் வெகுகாலமாக ஒவ்வொரு சந்தாதாரரின் பத்து இலக்க எண்ணையும் ஒரு மின்னஞ்சல் முகவரி போலவே பாவித்து, அந்த முகவரிக்கு வந்த கடிதத்தைச் சுருக்கிக் குறுஞ்செய்தியாக்கித் தந்துவந்தன. தங்கள் கம்பெனி இன்னும் அதைச் செய்கிறதா என்று விசாரித்து, செய்யுமாயின் அந்த முகவரியைத் தங்கள் கணக்கிலே சேர்த்துக்கொள்ளலாம்.

குறுஞ்செய்திக்கு மின்னஞ்சலைக் காட்டிலும் ஒரு விசேஷம் உண்டு. இணையப் போக்குவரத்து செல்லும் அகன்ற பாதையை அது நம்பியிருப்பதில்லை. கோபுரமும் கைபேசியும் தமக்குள் 'இருக்கிறாயா?', 'இருக்கிறேன்' என்று ஓயாமல் விசாரித்துக்கொள்ளும் சைகைப் பாதையில் அது சிக்கனமாக ஏறி வந்துவிடுகிறது. அதனால்தான் படம் இறங்காத மலையடிவாரத்திலும் குறுஞ்செய்தி வந்து விழுவதைப் பார்க்கிறோம். கைபேசி அணைந்திருந்தாலும், கம்பெனியின் நிலையம் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, தாங்கள் மீண்டும் தொடர்புக்கு வரும்போது ஒப்படைக்க முயலும். ஆயினும் இத்தனை நிமிஷத்துக்குள் சேர்ப்போம் என்ற வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. நெரிசல் வேளையில் தாமதித்து வருவதும் உண்டு.

டாலஸ் வாசகர்: பல வருஷங்களாக எனக்கு இந்த வழியில் அறிவிப்புகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. இப்போது ஒன்றும் வருவதில்லை. தளத்தில் அமைப்புகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. தவறு எங்கே?

பதில்: தவறு தங்களுடையதும் அன்று, தளத்தினுடையதும் அன்று; நடுவேயிருந்த வாயில் சாத்தப்பட்டிருக்கக்கூடும். ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், மின்னஞ்சலைக் குறுஞ்செய்தியாக மாற்றும் சேவையை 2025-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. எண்ணை மட்டும் அறிந்தவர் எவரும் செலவில்லாமல் கடிதம் எழுதக்கூடிய அந்த வாயிலின் வழியாக நல்ல செய்திகளோடு வஞ்சகச் செய்திகளும் ஏராளமாக உள்ளே புகுந்துகொண்டிருந்தன என்பதை நினைத்தால், இது எதிர்பாராத முடிவு அல்ல. பிற கம்பெனிகளின் வாயிலையும் இனி நிலையானதென்று நம்பியிருப்பது புத்திசாலித்தனமாகாது.

மாற்று வழி கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. உடனடி அறிவிப்புக் கடிதங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஒரு தலைப்பின் கீழ் சேர்க்கும்படி ஜிமெயிலில் வடிகட்டி ஒன்றை அமையுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்தத் தலைப்புக்கு மட்டும் தனி ஒலி வைத்து, ஏனைய கடிதங்களின் ஒலியை அடக்கிவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள மெயில் செயலியில், அறிவிப்பு அனுப்பும் முகவரியை வி.ஐ.பி. வரிசையில் சேர்த்துத் தனி ஒலி கொடுக்கலாம். இணையத் தொடர்பு உள்ள இடத்தில் இது பெரும்பாலும் குறுஞ்செய்திக்குக் குறைந்ததல்ல. கடிதத்தின் முழு வாசகமும் கையிலிருப்பதால் ஒருபடி மேல் என்றே சொல்லலாம்.

சியாட்டில் வாசகி: எல்லா அறிவிப்புகளையும் கைபேசிக்கே வரும்படி செய்துவிட்டேன். இப்போது நாள் முழுவதும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வசதியைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் வீட்டு வாசலில் தந்திச் சேவகன் வந்து நின்றால் வீடே எழுந்து நின்றதற்குக் காரணம், அவன் தினந்தோறும் வராததுதான். குறுஞ்செய்தியும், எப்போதாவது ஒன்று வந்தால்தான், வந்தவுடன் மதிக்கப்படும். நாளைக்கு நாற்பது முறை ஒலிக்கும் மணியை, நாற்பத்தோராவது முறை உண்மையாகவே எழுந்து ஓடவேண்டிய சந்தர்ப்பம் நேரும்போது, செவி கேட்காமலே விட்டுவிடுகிறது.

தளத்தில் ஒவ்வோர் அறிவிப்பும் ஒரே ஒரு வகைப் பெட்டிக்கு மட்டும் அமைவது பலருக்குத் தொல்லையாகத் தோன்றினாலும், அதுவே தங்களுக்குப் பெரிய சகாயம். வகைக்கொரு முகவரி கொடுத்துவிடலாம் அல்லவா? சாதாரண வகையான டிரடிஷனலில், குறித்த இடத்திலேயே பெட்டி இருக்கும். ஆகையால் அது ஒன்றே ஓடிச்சென்று பார்க்கத்தக்கது. மிஸ்டரி வகையில், பெட்டியின் இணையப் பக்கத்தில் குறித்திருக்கும் இடம் பெரும்பாலும் உண்மையான இடம் அன்று. அதிலிருந்து இரண்டு மைல் வரை தள்ளி வேறெங்கோ பெட்டி இருக்கலாம். புதிரை விடுவித்த பிறகே இடம் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய காரியத்துக்கு அவசர மணி எதற்கு? எர்த்கேச் என்னும் வகையிலோ பெட்டியே கிடையாது; பாறையையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்து, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதுவதே அங்கு வேலை. அன்பர்கள் கூடும் ஈவென்ட் கூட்டங்களின் அறிவிப்போ பல நாள் முன்னதாகவே வந்துவிடும். எனவே டிரடிஷனல் ஒன்றை மட்டும் கைபேசிக்கு அனுப்பச் செய்து, மற்றவற்றைச் சாவகாசமாகப் படிக்கும் மின்னஞ்சலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நிகழ்ச்சிகளிலும் 'வெளியிடப்பட்டது' என்ற ஒன்றே போதும். 'கண்டுபிடித்தேன்' என்பதையும் சேர்த்துக்கொண்டால், வட்டத்துக்குள் யார் எந்தப் பெட்டியைக் கண்டாலும் தங்கள் மணி ஒலிக்கும்; தங்களுக்கு நேர்ந்திருப்பது அநேகமாக இதுவாகவே இருக்கலாம்.

தூரத்தைக் குறிப்பதிலும் விவேகம் வேண்டும். தளம் வரையும் வட்டம் பறவை பறக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு. அதற்குக் கடலும் தெரியாது, ஏரியும் தெரியாது. தங்கள் வீட்டை மையமாக வைத்துப் பத்து மைல் வட்டம் போட்டால், பியூஜெட் சவுண்டுக்கு அக்கரையிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். அங்கே போவதற்குப் படகுக்குக் காத்திருந்து, பிறகு அரை மணிக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டும். அதற்குள் தீவுவாசிகள் சும்மா இருப்பார்களா? மையத்தை வீட்டிலேயே வைக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு புள்ளியை வைத்து, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்வது நல்ல உபாயம். கடைசியாக ஒரு வார்த்தை: தங்கள் வாஷிங்டன் மாநிலத்தில், வண்டி ஓட்டும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும் வேளையிலுங்கூட, கைபேசியைக் கையில் எடுப்பதை 2017-ம் ஆண்டிலிருந்து சட்டம் தடுக்கிறது. மணி ஒலித்தால் வண்டியை ஓரமாக முறைப்படி நிறுத்திய பிறகே பாருங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: நாங்கள் நான்கு தமிழ் நண்பர்கள். அறிவிப்பு கிடைத்தவர் மற்றவர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவது வழக்கம். சிறிய செய்திகூட இரண்டு மூன்று துண்டாகப் போகிறதே, ஏன்?

பதில்: குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் போதுமாதலால் அதில் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழுக்குப் பதினாறு பிட் வேண்டியிருப்பதால் 70 குறிகளே இடம் பெறும். அந்த எழுபதும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல; 'கி' என்பதை இயந்திரம் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது; புள்ளி வைத்த எழுத்துக்கும் இரண்டு. எல்லை தாண்டியதும் செய்தி துண்டாகிறது. துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான விவரத்துக்கும் கொஞ்சம் இடம் போவதால், துண்டு ஒன்றுக்கு 67 குறிகள்தாம் மிஞ்சும். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து விழுந்தாலும் செய்தி முழுவதும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும் என்பது பலர் அறியாத விஷயம்.

ஆகவே தாங்கள் இடத்தையும் வர்ணனையையும் எழுதிச் சிரமப்பட வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஜி.சி. என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. கான்ஸஸ் மாநிலத்தில் 2000-ம் ஆண்டு மே 11-ந் தேதி வைக்கப்பட்ட மிங்கோ என்னும் பழம்பெட்டிக்கு ஜி.சி. 30 என்பது குறி. அந்தக் குறியை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் போதும். நண்பர் தம் செயலியில் அதை இட்டு மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்வார். இடக்கணக்கைக் கையால் எழுதி அனுப்பும்போது ஓர் இலக்கம் மாறிப்போகும் அபாயமும் இதனால் நீங்குகிறது. பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையை மூன்று தசம ஸ்தானம் வரை இவ்விளையாட்டில் எழுதுவார்கள். வடக்கு தெற்காகப் பார்த்தால், கடைசி ஸ்தானத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டருக்கும் குறைவான வித்தியாசந்தான். முதல் ஸ்தானத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப்போய்ப் புதரைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.

ஆஸ்டின் வாசகி: குறுஞ்செய்தி கிடைத்து இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். அப்படியும் ஏட்டில் ஒருவர் பெயர் இருந்தது. முதலில் காண்பவருக்குத் தளம் ஏதாவது அங்கீகாரம் தருகிறதா? இனி இன்னும் விரைவாகப் போக என்ன செய்யலாம்?

பதில்: தளம் அதற்குத் தனிக் கணக்கு வைப்பதில்லை. முதலில் கண்டவர் என்ற பெருமை, விளையாடுபவர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட சம்பிரதாயமேயன்றிப் பதிவு பெற்ற பட்டம் அன்று. ஏட்டின் முதல் வரியே அதற்குள்ள ஒரே சாட்சி. ஒரே வேளையில் இருவர் வந்து சேர்ந்தால், சேர்ந்து தேடி இருவர் பெயரையும் ஒன்றாக எழுதிக்கொள்வோரும் உண்டு. இன்னும் விரைவாகப் போகும் உபாயம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. அறிவிப்பு எல்லோருக்கும் வெளியீட்டுக்குப் பின்புதான் போகிறது. பெட்டிக்கு அடுத்த தெருவில் வசிப்பவரை எந்தச் சாதனத்தாலும் வெல்ல முடியாது. இருட்டிய பிறகு மூடப்படும் பூங்காவில் டார்ச் விளக்குடன் நுழைந்து காவலர் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதும் சிலாக்கியமன்று.

ஆனால் முதலில் போகிறவருக்கு, பெருமையோடு கூடவே ஒரு கடமையும் வந்து சேருகிறது. பரிசீலகர் வரைபடத்தைக் கொண்டு, அருகிலுள்ள வேறு பெட்டிக்கும் இதற்கும் 161 மீட்டராவது இடைவெளி உண்டா என்பது போன்ற விதிகளைத்தான் சரிபார்க்கிறார். நேரில் வந்து பார்ப்பதில்லை. வைத்தவரின் கருவி மரநிழலில் பிசகியிருக்கலாம். மூடி மழைக்குத் தாங்காததாக இருக்கலாம். பாதை தனியார் வேலிக்குள் போகலாம். இவற்றை முதலில் அறியக்கூடியவர் முதலில் போனவரே. கண்டதைத் தளத்தில் தெளிவாக எழுதினால், பின்னால் வரும் பலருக்கு வீண் அலைச்சல் குறையும். தங்களுக்கு முன் கையெழுத்திட்டவர் அப்படி ஒன்றும் எழுதவில்லையென்றால், இரண்டாவதாகப் போன தாங்கள் எழுதுங்கள். அந்தக் குறிப்பு முந்திக்கொண்ட கையெழுத்தைவிடப் பிரயோஜனமானது.