கொழுந்துக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைச் சாப்பாடு

எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் விடிந்ததும் மலைக்கு ஓட வேண்டும். பிள்ளைக்கு ரொட்டியும் சாயத்தண்ணியும் கொடுப்பதுதான் கைக்கு எளிது. அதையே கொஞ்சம் மாற்றுங்கள்.

1. ரொட்டி மாவில் தேங்காய்ப்பூவோடு ஒரு பிடி முருங்கையிலையைப் பொடியாக அரிந்து போடுங்கள். முட்டை இருந்தால் ஒன்றை உடைத்து ஊற்றிப் பிசையுங்கள். வெறும் கோதுமை மாவு பசியைத்தான் அடக்கும்.

2. சாப்பாட்டோடு சாயம் வேண்டவே வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கொதித்தாறிய தண்ணீரே போதும். மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். பிள்ளைக் காம்பரா ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.

3. பயறு, கௌபியை இரவே ஊறப்போடுங்கள். காலையில் சீக்கிரம் வேகும். மசித்தே ஊட்டுங்கள். முழுக் கடலையும் கச்சானும் சின்னவர்களுக்குத் தொண்டையில் சிக்கும்.

4. நெத்தலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், உப்பு குறையும். தலையைக் கிள்ளி எறிந்து, மொறுமொறுப்பாக வறுத்து, உரலில் தூளாக இடித்துச் சோற்றில் பிசையுங்கள். முள்ளும் சேர்ந்து போவதால் கல்சியம் கிடைக்கும்.

5. எடை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷவை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடாதீர்கள்; அந்தப் பிள்ளைக்குரிய அளவு குறைந்துவிடும். தேங்காய்ப்பூ சேர்த்து உருண்டை பிடித்தால் விரும்பித் தின்னும்.

6. பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யா, பப்பாளி. இவற்றின் வைட்டமின் சி இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.